ஊஞ்சத்தோட்டத்து இருவர்

தேசிய ரக்பி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் நான் மூன்று வருடம் இருந்தேன் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்புகிற ஒன்றிரண்டு பேரும், "அதென்ன ஆட்டமுங்க?" என்றுதான் அடுத்துக் கேட்பார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பந்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்பைக் கட்டிச் சாய்ப்பான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், "கபடிதானுங்களே, அதுக்கெதுக்குங்க பந்து?" என்று முடித்துவிடுவார்கள். தொண்ணூறுகள் முழுக்க இதற்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துப்போனது.

அப்போது நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியன். வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட் மேனேஜர்கள் தங்கள் கிளப்பில் ரக்பி ஆடுவார்கள். ஆள் குறைந்தால் கீழே சமவெளியிலிருந்து எங்களைக் கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் பொறுப்பு, அடி வாங்குவது எங்கள் பொறுப்பு. அப்படித் தொற்றிக்கொண்டது. பிற்பாடு கமிட்டிக்குத் தெற்கிலிருந்து ஒருவர் வேண்டும் என்றபோது, சென்னைக்காரர் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் நின்றதால், இருவருக்கும் பொதுவாக என்னைப் போட்டுவிட்டார்கள். தகுதி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

கல்லூரி ஹாக்கி மைதானத்தின் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டைகளை நட்டுக் குறுக்கே மூங்கில் கட்டி வைத்திருந்தேன். காலையில் ஆறு மணிக்கு இருபது பேர் வருவார்கள். மாணவர்கள், ஆயுதப்படைப் போலீஸ்காரர் இரண்டு பேர், கபடியிலிருந்து தாவி வந்தவர்கள், மில் ஆட்கள். இவர்களில் தேசிய அணிக்குப் போகக்கூடியவன் என்று நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது ஒருவனைத்தான். ஃபவுண்டரியில் மோல்டர் அவன். மணலில் அச்சுக் கட்டி உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. வயது இருபத்தேழு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் ரேகையில் கரி போகாது. எதிராளி கையிலிருந்து பந்து நழுவிய அடுத்த நொடி அதன்மேல் முதல் ஆளாகப் பாய்ந்து விழுகிற இடம் ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. அந்த இடம் அவனுடையது. விழுவதற்கு யோசிக்கிறவனால் அங்கே ஆட முடியாது. அவன் யோசித்து நான் பார்த்ததில்லை.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு அப்பால் மிஷன் காலனியில் அவன் வீடு. அங்கிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் இருட்டோடு கிளம்பி, எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவான். அதனால் என் அறைச் சாவி ஒன்றை அவனிடமே கொடுத்திருந்தேன். கதவைத் திறந்து, மேசை டிராயரிலிருந்து காற்றடிக்கும் ஊசியை எடுத்து, ஆறு பந்துக்கும் காற்றடித்து வைத்திருப்பான். நான் போனதும், "வந்துட்டீங்களா சார்" என்பான். தினமும் அவனுக்கு அதுதான் முதல் வேலை.

அந்த வருடம் அணி சிங்கப்பூர் போவதாக ஏற்பாடு. மே மாதமே அவனிடம் பாஸ்போர்ட் பாரம் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். பூர்த்தி செய்து, வெள்ளைச் சட்டையில் எடுத்த போட்டோக்களுடன் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு கமிட்டி சார்பில் நான் ஒரு கடிதம் வைத்துத் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். அப்போது எங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் ஆபீஸ் திருச்சிதான். போலீஸ் விசாரணை, அது இது என்று நாலைந்து மாதம் இழுக்கும்.

கடிதம் எழுதுவதற்குள் பம்பாயில் கமிட்டி கூடியது. அந்தக் கூட்டத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களைக் கூப்பிடுவது என்ற பேச்சு கிளம்பியது. ஆளாளுக்கு உற்சாகம். லண்டனில் ஒருவன் இருக்கிறான், துபாயில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பேர் பேராக வந்து விழுந்தது. இங்கிலாந்தில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஒருவனின் வீடியோ கேசட்டைப் போட்டார்கள். பத்து நிமிடம் பார்த்தேன். எங்கள் மோல்டர் ஆடும் அதே இடம். அவனைவிட நன்றாக ஆடினான். அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. புல் தரையில், தினமும் ஒரு கோச்சின் கண்முன்னால், முட்டை பால் இறைச்சி தின்று ஆடுகிறவன் அப்படித்தான் ஆடுவான். கை தூக்கச் சொன்னார்கள், நானும் தூக்கினேன்.

ஆனால் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லை அப்பா அம்மா பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தாத்தா பாட்டியில் ஒருவராவது பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இவன் பிறந்தது இங்கிலாந்து, இவன் அப்பா பிறந்தது மலாயா. தாத்தாதான் இந்தியா. "தாத்தாவுக்குச் சொந்த ஊர் உங்கள் கோயம்புத்தூர் ஜில்லாதானாம். நீங்களே தேடி அத்தாட்சி வாங்கிவிடுங்கள். கிடைத்தால் அவன். கிடைக்காவிட்டால் உங்கள் மோல்டர்" என்றார் தலைவர், ரொம்ப நியாயமாகப் பிரித்துக் கொடுத்துவிட்ட திருப்தியில். எங்கள் பையனை வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டு வரும் வேலையும் எனக்கேதான்.

ஊருக்குத் திரும்பியதும் அவனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நாக்கு வராது. பெண் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க மனசில்லையென்றால், காப்பி பலகாரம் கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டு, நாலு நாள் கழித்து, "சாதகம் பொருந்தலீங்க" என்று சொல்லி அனுப்புவோம். வந்தவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும். தெரிந்தே, "அப்படீங்களா, செரீங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வீட்டுக்கும் மரியாதை மிஞ்சும். நானும் அந்த வளர்ப்புதானே. "லிஸ்ட் என்னாச்சுங் சார்?" என்று அவன் கேட்டபோது, "பாக்கலாங் கண்ணு" என்றேன்.

பாஸ்போர்ட் பாரத்தையும் அனுப்பவில்லை. அத்தாட்சி கிடைத்தால் இவன் போகப்போவதில்லை, பிறகெதற்குப் போலீஸ்காரன் வீட்டுக்கு வந்து, காலனி முழுக்கத் தெரிந்து, இவன் தலைகுனிய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொண்டேன். முடிவு தெரிந்ததும் அனுப்பலாம் என்று மேசை டிராயரில் போட்டேன். உண்மையைச் சொன்னால், சலிப்பு. கடிதம் எழுத வேண்டும், பிரின்ஸிபால் கையெழுத்துக்கு நிற்க வேண்டும், கூரியருக்குப் போக வேண்டும். அந்த வயதிலேயே எனக்கு எதைத் தொட்டாலும் அலுப்பாக இருந்தது.

ஒரு வாரத்தில் இங்கிலாந்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. கல்லூரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் சுருண்டுபோன காகிதத்தை நீவி நீவிக் கொடுத்தார். தாத்தாவின் பைபிள் முதல் பக்கத்தின் நகல். வேதாகமத்திலிருந்து வைத்த ஒரு பேர், தகப்பன் பேர், கீழே தமிழில் கோணலாக ஒரே வார்த்தை: ஊஞ்சத்தோட்டம். தந்தை பண்ணை வேலை செய்தவர் என்றும், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்து மிஷன் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றும் பேரன் கைப்பட எழுதியிருந்தான்.

அந்தக் கோயில் இருப்பது மோல்டரின் காலனியில்தான். எனக்கு அங்கே வேறு யாரையும் தெரியாது. அவனையே கூட்டிக்கொண்டு போனேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. "இங்கிலாந்துல ஒருத்தரு அவிய தாத்தா ஊரு விசாரிக்கச் சொல்லியிருக்கறாரு, வா கண்ணு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை. டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு அவனே ஓட்டினான்.

போதகர் பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரை எடுத்து விரித்தார். நாங்கள் தேடிய பேரில் பத்து வருடத்துக்குள் நாலு குழந்தைகள் இருந்தார்கள். அதிலும் இரண்டு பேருக்குத் தகப்பன் பேரும் ஒன்றே. காலனி முழுக்க அதே பத்துப் பதினைந்து பெயர்களைத்தான் மாற்றி மாற்றி எல்லோருக்கும் வைத்திருந்தார்கள். "இதுல யாருன்னு நான் எப்படிங்க எழுதித் தர்றது?" என்று போதகர் கைவிரித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்று ஃபேக்ஸ் அடித்துவிடலாம். எழுந்தேவிட்டேன்.

அவன்தான் ஃபேக்ஸை வாங்கிப் பார்த்தான். "ஊஞ்சத்தோட்டம்னு போட்டிருக்குதுங்களே சார். பேரு ஒண்ணா இருக்கறவங்கள இங்க தோட்டத்தை வெச்சுத்தானுங்க சொல்லுவாங்க, எந்தத் தோட்டத்துல பண்ணையம் இருந்தாங்களோ அதை வெச்சு. எங்களையும் ஊஞ்சத்தோட்டத்தாருன்னுதானுங்க சொல்லுவாங்க. அம்மாளைக் கேட்டா தெரிஞ்சுபோகுமுங்க."

அவன் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க சாமி" என்றார். நான் எந்த வீட்டுப் பையன் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தாத்தாவுக்கும் தோட்டம் இருந்தது, அதிலும் பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. "சாமியெல்லாம் வேண்டாங்கம்மா" என்றேன். "செரீங்க சாமி" என்றார்.

நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார். பேரையும் தோட்டத்தையும் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஊஞ்சத்தோட்டத்துல ரண்டு குடிதானுங்க பண்ணையத்துல இருந்துது. ஒண்ணு எங்க மாமனாரூடு. அதுக்கு எதுத்தாப்ல இன்னொரு ஊடு. அந்தூட்டுப் பையன்தானுங்க தொரைக்குச் சமையலாளா மலாயாவுக்குப் போனது. எங்க மாமனாரு சாகற மட்டும் சொல்லீட்டே இருப்பாரு, அவம் போறப்ப எங் காளைக் கழுத்து மணியக் கழட்டிட்டுப் போயிட்டானேன்னு. ரண்டு பேரும் ஒரே வருசத்துல பொறந்தவங்களாமாங்க."

திரும்பப் போய் ரிஜிஸ்டரில் அவர் மாமனார் பிறந்த வருடத்தைத் தேடிப் பார்த்தோம். அதே வருடத்தில் ஒரே ஒரு குழந்தைதான் நாங்கள் தேடிய பேரில் இருந்தது. முடிந்தது கதை.

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அந்தூட்டுப் பேரனா வெள்ளைக்காரங்கூட ஆடறான்? எம் பையனும் அவனும் ஒரே டீமுல ஆடுவாங்களா சாமி?"

நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாங்கம்மா" என்றேன். அவன் வாசலில் நின்று வண்டியின் செயினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். செயினில் ஒரு கோளாறும் இல்லை.

ரிஜிஸ்டரின் நகல் மட்டும் போதாது, இன்னார்தான் என்று ஊர்க்காரர் இரண்டு பேர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று கமிட்டி சொன்னது. ஒரு கையெழுத்து அந்த அம்மா. இன்னொன்றுக்குப் போதகர் ஊரில் இல்லை. "நான் போடறனுங் சார்" என்றான் அவன். நோட்டரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "அவரு எந்த எடத்துல ஆடறாருங் சார்?" என்று கேட்டான். "முன்னாலதாங் கண்ணு, முன்னாடி எட்டுப் பேருல ஒருத்தரு" என்றேன். "நானும் முன்னாலதானுங்களே" என்று சிரித்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டான். அச்சடித்தது போன்ற கையெழுத்து அவனுக்கு.

பதினைந்து நாளில் பட்டியல் வந்தது. இங்கிலாந்துக்காரன் பேர் இருந்தது, இவன் பேர் இல்லை. "கமிட்டியில பாத்து முடிவு பண்ணீட்டாங்க கண்ணு. அடுத்த தடவை கட்டாயம்" என்றேன். "செரீங் சார்" என்றான். மறுநாளும் ஆறு பந்துக்கும் காற்றடித்து வைத்திருந்தான். பயிற்சியில் ஒரு போலீஸ்காரனை அவன் கட்டிச் சாய்த்த வேகத்தில் அந்த ஆள் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் கோபப்பட்டதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

அணி புறப்படப் பன்னிரண்டு நாள் இருந்தபோது பூத்துக்காரர் மைதானத்துக்கே ஓடிவந்தார். அவசர ஃபேக்ஸ். இங்கிலாந்துக்காரனை அவன் கிளப் விடவில்லை. அங்கே ஏதோ முக்கியமான ஆட்டமாம். உங்கள் மோல்டர் வருகிறான், பாஸ்போர்ட் எண்ணை இன்றே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

அறைக்குப் போய் டிராயரை இழுத்தேன். பாரம் இருந்தது. மே மாதத்தில் கொடுத்தது, இப்போது செப்டம்பர். பாரத்தோடு கமிட்டிக் கடிதம் இல்லை, பிரின்ஸிபால் கையெழுத்து இல்லை, என் சோம்பேறித்தனம் மட்டும் இருந்தது. அன்று முழுக்கப் பூத்தில் உட்கார்ந்து திருச்சிக்குப் போன் போட்டேன். போலீஸ் கமிஷனர் ஆபீசில் தெரிந்த ஒருவரைப் பிடித்தேன். பம்பாய்க்குக் கெஞ்சினேன். "மே மாதமே சொன்னோமே" என்றார்கள். சொன்னார்கள்தான். மறுநாள் மத்தியானத்துக்குள் புனேயிலிருந்து ஒருவனைப் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருந்தது என்பதுதான் அவனுடைய முதல் தகுதி.

சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் ஃபவுண்டரி வாசலுக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். பாரத்தை நான் அனுப்பவே இல்லை கண்ணு, தப்பு என்மேல். இவ்வளவுதானே, ஒரு வரி.

முகமெல்லாம் கரியாக வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். டீக்கடையில் இரண்டு டீ சொன்னான். இங்கிலாந்துக்காரன் வரவில்லை என்றும், இவனைக் கேட்டு ஃபேக்ஸ் வந்தது என்றும் சொன்னேன். அவன் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. நாலைந்து நொடிக்கு அவன் சிங்கப்பூர் போய்விட்டான்.

"ஆனா கண்ணு, பாஸ்போர்ட்டு..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். சரவணம்பட்டி பஸ் ஒன்று போய் மறைந்தது.

"திருச்சியில லேட்டு பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குதுங் சார்" என்றான். "அங்க எப்பவும் அப்படித்தானுங்களாமா."

கேள்வியாக அவன் கேட்கவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று நான் சொல்ல வேண்டியதை, எனக்குச் சொல்ல வராததால், அவனே எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். இல்லை கண்ணு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமாங் கண்ணு. திருச்சியிலதான்" என்றேன்.

டீயைக் குடித்து முடித்து, "அப்ப வாரேனுங் சார்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் அவனுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று சீக்கிரமே அறைக்குப் போனேன். அந்தப் பாரத்தை அங்கிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். டிராயரை இழுத்து, விளக்கு வெளிச்சத்தில் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். வலது பக்க மூலை கறுத்துப் போயிருந்தது. ஒரு தடவை பட்ட கறை இல்லை. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஏறிய கரி. பாரத்துக்கு அடியில் காற்றடிக்கும் ஊசி இருந்தது.

நாலு மாதமும் தினமும் காலையில் அதைத் தூக்கித்தான் அவன் ஊசியை எடுத்திருக்கிறான். என்னிடம் லிஸ்டைக் கேட்ட நாளிலும், என்னைப் பின்னால் வைத்துக் காலனிக்கு வண்டி ஓட்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாளிலும், நோட்டரியிடம் கையெழுத்துப் போட்ட நாளிலும். ஒவ்வொரு நாளும் நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறான்.

நின்றுகொண்டிருக்கும்போதே வெளியே டி.வி.எஸ். ஃபிஃப்டி சத்தம் கேட்டது. கிழிக்க நேரமில்லை. பாரத்தை இருந்த இடத்திலேயே போட்டேன். அவன் உள்ளே வந்தான். திறந்த டிராயரையும் என்னையும் பார்த்தான்.

"ஊசி எடுத்துக்கட்டுங்களா சார்?"

"எடுத்துக்க கண்ணு" என்றேன்.

பாரத்தை அதே மூலையில் பிடித்துத் தூக்கி, ஊசியை எடுத்துக்கொண்டு, மறுபடி அது இருந்தபடியே வைத்து, ஓரத்தை நேராக்கி, டிராயரை மெதுவாக மூடிவிட்டுப் பந்துகளை எடுக்கப் போனான்.